உங்களுக்குத் தெரியுமா? தீவாந்திரம் போன வெள்ளைக்காரக் கைதிகள்!

ஆஸ்திரேலியாவின் 20 டாலர் நோட்டைப் பார்த்திருக்கிறீர்களா? மூக்குக் கண்ணாடி, தலையில் துணித் தொப்பி, சாந்தமான ஒரு பாட்டி முகம். பெயர் மேரி ரீபி. குதிரை திருடியதற்காக இங்கிலாந்திலிருந்து கப்பலேற்றப்பட்ட கைதி!

பிடிபட்டபோது மேரிக்குப் பதின்மூன்று, பதினான்கு வயதுதான். அப்பா, அம்மா இல்லை. ஆண்பிள்ளை வேஷம் போட்டு, ஜேம்ஸ் பர்ரோ என்ற பெயரில் திரிந்துகொண்டிருந்தார். ஸ்டாஃபோர்டு நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனபோதும் அதே வேஷம், அதே பெயர்! தீர்ப்பு? 7 ஆண்டு தீவாந்திர தண்டனை!

1792 அக்டோபரில் 'ராயல் அட்மிரல்' கப்பல் சிட்னியைத் தொட்டது. வந்ததுமே ஊரிலிருந்த உறவுக்காரப் பெண்மணிக்கு ஒரு கடிதம் எழுதினார் மேரி. அந்தக் கடிதம் இன்றும் நியூ சௌத் வேல்ஸ் மாநில நூலகத்தில் பத்திரமாக இருக்கிறது. தேதி 8 அக்டோபர் 1792. எழுதியபோது வயது 15!

மேரியின் மீதிக் கதை பின்னால் வருகிறது. அதற்கு முன் ஒரு விஷயம்.

அந்தக் காலத்து நேர்மையான ஆங்கிலேய விவசாயி ஒருவரைத் தேடிப் பாருங்கள். சர்ச் பதிவேட்டில் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் என்று மூன்றே வரி கிடைக்கும். அதே ஆள் ஒரு ஆட்டைத் திருடி மாட்டிக்கொண்டிருந்தால்? உயரம், கண் நிறம், முடி நிறம், மதம், தொழில், பிறந்த ஊர், எழுதப் படிக்கத் தெரியுமா, முன்பு எத்தனை தடவை உள்ளே போனார்... எல்லாம் கிடைக்கும்!

பச்சை குத்தியிருந்தால் அதையும் விடவில்லை! எந்தக் கையில், என்ன படம், என்ன எழுத்து என்று எழுதி வைத்தார்கள் குமாஸ்தாக்கள். நங்கூரம், கடல்கன்னி, காதலியின் பெயரின் முதல் எழுத்து! ராஜாக்களின் உடம்பைப் பற்றிக்கூட இவ்வளவு விவரம் நமக்குக் கிடைக்காது!

லண்டன் ஓல்டு பெய்லி நீதிமன்ற வழக்குகள் 1674 முதல் 1913 வரை இணையத்தில் இருக்கின்றன. 1,97,000-க்கும் மேல்! திருட்டுக் கொடுத்தவர் என்ன சொன்னார், கைதி என்ன பதில் சொன்னார் என்று வீட்டிலிருந்தே படிக்கலாம். இலவசம்!

ஆஸ்திரேலியக் கைதிகளின் பதிவேடுகளை யுனெஸ்கோ 2007-ல் உலக நினைவகப் பட்டியலில் சேர்த்தது. திருடர்களின் கணக்குப் புத்தகத்துக்கு உலக மரியாதை!

மொத்தம் எத்தனை பேர் போனார்கள்? 1788 முதல் 1868 வரை 80 ஆண்டுகளில் சுமார் 1,62,000 பேர்! அதில் பெண்கள் ஏறக்குறைய 25,000!

ஆஸ்திரேலியாவுக்கு முன்னால் இங்கிலாந்து தன் கைதிகளை எங்கே தள்ளிவிட்டது தெரியுமா? அமெரிக்காவுக்கு! 1718-க்கும் 1775-க்கும் இடையில் சுமார் 50,000 பேர்! அமெரிக்கா சுதந்திரப் போரில் இறங்கியதும் அந்தக் கதவு மூடிக்கொண்டது. லண்டனின் தேம்ஸ் நதியில் பழைய கப்பல்களை நிறுத்தி, அவற்றையே சிறையாக்கினார்கள். மிதக்கும் ஜெயில்! பிறகு திறந்த கதவுதான் ஆஸ்திரேலியா!

அங்கே கப்பலேற்றும் அளவுக்கு அப்படி என்ன குற்றம் செய்தார்கள்? தாமஸ் சாடிக் என்பவரைப் பாருங்கள். ஒரு தோட்டத்தில் 12 வெள்ளரிச் செடிகளைப் பிடுங்கி நாசம் செய்தார். தண்டனை 7 ஆண்டு நாடுகடத்தல்! செடி ஒன்றுக்கு ஏழு மாதம்!

வில்லியம் ஃபிரான்சிஸ் திருடியது ஒரு புத்தகம். டொபாகோ தீவு எவ்வளவு செழிப்பாக இருக்கிறது என்று சொல்லும் புத்தகம். அதைப் படிக்க ஆசைப்பட்டவரை உலகத்தின் மறுகோடிக்கு அனுப்பிவிட்டார்கள்!

ஜான் ஹட்சன் புகைபோக்கி சுத்தம் செய்யும் பையன். நீதிபதி முன்னால் நின்றபோது வயது 9! கைதிகளைச் சுமந்துபோன முதல் கப்பல்படையில் சிட்னியில் இறங்கியபோது 13!

மேரி வேடுக்கு 11 வயது. தன்னைவிடச் சின்னப் பெண் ஒருத்தியின் கவுனையும் தொப்பியையும் பறித்துக்கொண்டாள். 1789 ஜனவரியில் ஓல்டு பெய்லி அவளுக்குக் கொடுத்த தண்டனை என்ன தெரியுமா? தூக்கு! அந்த நேரம் பார்த்து மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்குப் பைத்தியம் தெளிந்தது. அந்தச் சந்தோஷத்தில் தூக்கு, நாடுகடத்தலாக மாறியது!

அந்தச் சிறுமியின் வம்சத்தில் வந்தவர் யார்? ஆஸ்திரேலியாவின் பிரதமராக இருந்த கெவின் ரட்!

கப்பலேறும் கைதி, குடும்பத்துக்கு என்ன விட்டுப்போக முடியும்? ஒரு காசு! 1797-ல் வெளிவந்த செம்புப் பென்னி நல்ல கனம், 28 கிராம். அதன் இரண்டு பக்கத்தையும் மழமழவென்று தேய்த்து, ராஜா தலையை அழித்துவிட்டு, ஊசி முனையால் புள்ளி புள்ளியாகக் குத்திப் பெயரும் தேதியும் எழுதினார்கள். சிலதில் இதயம், சிலதில் சங்கிலி போட்ட மனிதன். மறந்துவிடாதே என்பதுதான் எல்லாவற்றிலும் செய்தி. இந்த அன்புக் காசுகள் 300-க்கும் மேல் கான்பெராவில் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன!

முதல் கப்பல்படையில் 11 கப்பல்கள். 13 மே 1787 அன்று போர்ட்ஸ்மவுத்தில் கிளம்பி, போய்ச் சேர எட்டு மாதத்துக்கு மேல் ஆனது. கடந்த தூரம் சுமார் 24,000 கிலோமீட்டர்!

1790-ல் வந்த இரண்டாவது கப்பல்படை பயங்கரம். அடிமை வியாபாரம் செய்துவந்த கம்பெனிக்கே குத்தகை கொடுத்தார்கள். கப்பலில் ஏற்றிய தலைக்கு 17 பவுண்ட் 7 ஷில்லிங் 6 பென்ஸ். உயிரோடு இறக்கிவிட்டால்தான் பணம் என்ற பேச்சே இல்லை! விளைவு? நாலு பேரில் ஒருவர் வழியிலேயே செத்துப்போனார்!

பிறகு விதி மாறியது. 1815 முதல் ஒவ்வொரு கைதிக் கப்பலிலும் முழுப் பொறுப்போடு ஒரு டாக்டர். சாவு நூற்றுக்கு ஒன்று என்ற அளவுக்கு இறங்கியது!

1841-ல் 'ராஜா' என்ற கப்பலில் 180 பெண் கைதிகள். சிறைச் சீர்திருத்தவாதி எலிசபெத் ஃப்ரையின் பெண்கள் குழு கப்பலேறும்போது ஊசி, நூல், துணித் துண்டுகள் கொடுத்தனுப்பியது. ஹோபார்ட் போய்ச் சேருவதற்குள் அவர்கள் தைத்து முடித்த ஒட்டுத்துணிப் போர்வையில் எத்தனை துண்டுகள்? 2,815! ஆஸ்திரேலியாவின் தேசிய ஓவியக்கூடத்தின் அரிய பொக்கிஷங்களில் ஒன்று இன்று அது!

இப்போது சொல்லப்போவதுதான் நம் வேட்டையில் சிக்கிய தங்கம். நிதானமாகப் படியுங்கள்.

ஹென்றி கேபிள், சூசன்னா ஹோம்ஸ். இருவரும் இங்கிலாந்தின் நார்விச் சிறைக் கைதிகள். இருவருக்கும் தூக்குத் தண்டனை, பிறகு நாடுகடத்தல் என்று குறைந்தது. ஹென்றியின் அப்பாவைத் தூக்கில் போட்டே விட்டார்கள். சிறைக்குள்ளேயே காதல். சிறைக்குள்ளேயே 1786-ல் ஓர் ஆண் குழந்தை!

சூசன்னாவுக்குக் கப்பல் உத்தரவு வந்தது. ஜெயிலர் ஜான் சிம்சன் தாயையும் பிள்ளையையும் பிளிமத் துறைமுகத்துக்குக் கூட்டிப்போனார். சிறைக் கப்பலின் கேப்டன் என்ன சொன்னார் தெரியுமா? தாய்க்குத்தான் உத்தரவு, குழந்தைக்கு இல்லை! பால்குடி மாறாத பிள்ளையைப் பிடுங்கிவிட்டார்கள்!

சிம்சன் என்ன செய்தார்? குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கோச் வண்டியேறி நேரே லண்டன் போனார். உள்துறை அமைச்சர் லார்டு சிட்னியின் மாளிகை வாசலிலேயே நின்றார். பார்க்க முடியாது என்று விரட்டினார்கள். அமைச்சர் படியிறங்கி வரும்போது பாய்ந்து பிடித்துக்கொண்டார்! அமைச்சர் மனம் இளகியது. குழந்தை தாயோடு போகலாம். தகப்பனும் அதே கப்பல்படையில் போகலாம். அங்கே போய்க் கல்யாணமும் செய்துகொள்ளலாம்! ஒரு சாதாரண ஜெயிலர் சாதித்த காரியம் இது!

செய்தி பரவியது. ஊர் மக்கள் சேர்ந்து 20 பவுண்ட் திரட்டி, அந்தக் குடும்பத்துக்கு துணிமணி, புத்தகம் எல்லாம் வாங்கி ஒரு பார்சலாகக் கட்டி 'அலெக்சாண்டர்' கப்பலில் ஏற்றிவிட்டார்கள். சிட்னியில் இறங்கிப் பார்த்தால் புத்தகங்கள் மட்டும்தான் இருக்கின்றன. மீதியைக் காணோம்!

கைதிகள் இருவரும் கப்பல் கேப்டன் மேல் வழக்குப் போட்டார்கள்! இங்கிலாந்துச் சட்டப்படி தூக்குத் தண்டனை பெற்றவருக்கு வழக்குப் போடும் உரிமையே கிடையாது. அவர் சட்டத்தின் கண்ணில் செத்தவர்! ஆனாலும் 1788 ஜூலையில் நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொண்டது. மனுவில் இவர்களைப் புதுக் குடியேறிகள் என்று எழுதி, பிறகு யாரோ அதை ஒரு கோடு போட்டு அடித்திருக்கிறார்கள். கைதி என்று எழுதினால் வழக்கே நிற்காதே! அதனால் வேறு ஒன்றும் எழுதாமலே விட்டுவிட்டார்கள்!

தீர்ப்பு? கேப்டன் 15 பவுண்ட் கட்ட வேண்டும்! ஆஸ்திரேலிய மண்ணில் நடந்த முதல் சிவில் வழக்கு. ஜெயித்தவர்கள் கைதிகள்!

அந்த ஹென்றி கேபிள் பிறகு தலைமைக் கான்ஸ்டபிள் ஆனார். கப்பல் முதலாளியும் ஆனார். சூசன்னா பெற்ற பிள்ளைகள் 11!

கான்ஸ்டபிள் என்றதும் நினைவுக்கு வருகிறது. சிட்னியின் முதல் போலீஸ் படை 1789 ஆகஸ்டில் அமைந்தது. 12 பேர். அத்தனை பேரும் கைதிகள்!

ஜார்ஜ் பேரிங்டன், லண்டனே நடுங்கிய பிக்பாக்கெட். பிரபுக்களின் பாக்கெட்டைத்தான் தேடிப்போய் அடிப்பார். நாடுகடத்தப்பட்டு, சிட்னிக்குப் பக்கத்திலுள்ள பாரமட்டா போனவர் அங்கே என்ன ஆனார்? போலீஸ் தலைவர்!

ஃபிரான்சிஸ் கிரீன்வே கட்டடக் கலைஞர். 1812-ல் போலிக் கையெழுத்து வழக்கில் தூக்குத் தண்டனை, பிறகு 14 ஆண்டு நாடுகடத்தலாகக் குறைந்தது. சிட்னியில் கலங்கரை விளக்கம் கட்டினார், மன்னிப்பு கிடைத்தது. கைதிகள் தங்க ஹைட் பார்க் பாரக்ஸ் கட்டினார், சர்ச் கட்டினார். 1966-ல் வந்த ஆஸ்திரேலியாவின் முதல் 10 டாலர் நோட்டில் அவர் முகம்! போலிக் கையெழுத்துப் போட்டவரின் படம் கரன்சி நோட்டில்! உலகத்தில் வேறெந்த நாட்டுக்கு இந்த மனசு வரும்?

அந்த ஹைட் பார்க் பாரக்ஸின் தரைப்பலகைக்கு அடியில் எலிகள் கூடு கட்டியிருந்தன. கைதிகளின் சட்டைத் துண்டு, காகிதம் என்று கிடைத்ததை எல்லாம் இழுத்துப்போய்ச் சேர்த்து வைத்தன. மனிதர்கள் தூக்கி எறிந்ததை எலிகள் காப்பாற்றிக் கொடுத்திருக்கின்றன!

ஆஸ்திரேலியாவின் முதல் செய்தித்தாள் 'சிட்னி கெஜட்'. 5 மார்ச் 1803 அன்று அச்சிட்டவர் கைதி ஜார்ஜ் ஹோவ்!

ஆஸ்திரேலியாவில் அச்சான முதல் நாவலை எழுதியவர் ஹென்றி சேவரி. அவரும் கைதி! அவரும் போலிக் கையெழுத்து கேஸ்!

எஸ்தர் ஏப்ரகாம்ஸ், கறுப்புப் பட்டு லேஸ் திருடிக் கப்பலேறிய பெண். கப்பலில் அதிகாரி ஜார்ஜ் ஜான்ஸ்டனோடு பழக்கம். 1808-ல் ராணுவம் கவர்னரைக் கைது செய்தபோது ஆட்சியைக் கையில் எடுத்தவர் அதே ஜான்ஸ்டன். ஆறு மாதம் அந்தக் காலனியின் முதல் சீமாட்டி, ஒரு லேஸ் திருடி!

தூக்குமேடையில் மூன்று தடவை பிழைத்தவர் உண்டா? உண்டு! ஜோசப் சாமுவேல். 26 செப்டம்பர் 1803, சிட்னி. முதல் கயிறு அறுந்தது. இரண்டாவது கயிறு அவிழ்ந்து நீண்டு, கால் தரையைத் தொட்டது. மூன்றாவதும் அறுந்தது! கூட்டம் கத்தியது. அதிகாரி குதிரையில் பறந்துபோய் கவர்னரிடம் சொன்னார். கவர்னர் கிங் தூக்கை ரத்து செய்தார்!

தப்பி ஓடியவர்கள் கதை? அது தனி சாம்ராஜ்யம்!

1791 நவம்பரில் 20 ஆண்களும் ஒரு கர்ப்பிணியும் காட்டுக்குள் கிளம்பினார்கள். எங்கே? சீனாவுக்கு! நடந்தே போய்விடலாம் என்று நம்பினார்கள்!

அதே ஆண்டு மார்ச் மாதம் மேரி பிரையன்ட், கணவர், இரண்டு குழந்தைகள், இன்னும் ஏழு கைதிகள். கவர்னரின் படகையே திருடிக்கொண்டு கிளம்பினார்கள்! மூடாத சின்னப் படகு. 69 நாள். 5,000 கிலோமீட்டர். டிமோர் தீவு போய்ச் சேர்ந்தார்கள். வழியில் ஒருவரும் சாகவில்லை! பிறகு மாட்டிக்கொண்டார்கள். கணவரும் இரண்டு பிள்ளைகளும் ஊர் திரும்பும் வழியில் இறந்துபோனார்கள். லண்டன் சிறையில் தனியாகக் கிடந்த மேரிக்காக வாதாடி மன்னிப்பு வாங்கிக் கொடுத்தவர், டாக்டர் ஜான்சனின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய ஜேம்ஸ் பாஸ்வெல்! அதோடு விடவில்லை. வருஷத்துக்கு 10 பவுண்ட் கொடுத்துக் காப்பாற்றினார்!

வில்லியம் பக்லி, ஆறரை அடி உயரம். 1803-ல் தப்பி ஓடினார். வத்தௌரங் பழங்குடி மக்கள் சேர்த்துக்கொண்டார்கள். 32 ஆண்டுகள் அவர்களோடே வாழ்ந்தார். 1835-ல் வெள்ளையர் முகாமுக்கு வந்தபோது இங்கிலீஷே மறந்துபோயிருந்தது! கையில் பச்சை குத்தியிருந்த W.B. என்ற இரண்டு எழுத்துதான் அவரை யாரென்று காட்டிக்கொடுத்தது!

1829-ல் 'சைப்ரஸ்' என்ற கப்பலைக் கைதிகள் கைப்பற்றினார்கள். தலைவர் வில்லியம் ஸ்வாலோ. ஜப்பான் வரைக்கும் போனோம், பீரங்கியால் சுட்டு விரட்டினார்கள் என்று விசாரணையில் சொன்னார். ஒருவரும் நம்பவில்லை. பொய்யன் என்றார்கள்!

இப்போது கேளுங்கள். ஜப்பானின் ஷிகோகு தீவில், மீனவன் வேஷத்தில் போய் அந்தக் கப்பலைப் பார்த்துவிட்டு வந்த ஒரு சாமுராய், பார்த்ததை எல்லாம் எழுதி வண்ணப்படமும் வரைந்து வைத்திருந்தார். கப்பலில் இருந்த நாயைக்கூட வரைந்திருக்கிறார்! சாப்பிடுவதற்கு வைத்திருக்கும் நாய் மாதிரி தெரியவில்லை, செல்லமாக வளர்க்கிறார்கள் போல என்று குறிப்பு வேறு! அந்த ஏடும் ஸ்வாலோவின் கதையும் ஒன்றே என்று உலகத்துக்குத் தெரிந்தது 2017-ல். செத்து 183 வருஷம் கழித்து உண்மை பேசியவர் ஆனார் ஸ்வாலோ!

ஐகி சாலமனை மிஞ்ச ஆளே இல்லை. லண்டன் திருட்டுப்பொருள் வியாபாரி. 1827-ல் போலீசிடமிருந்து தப்பினார். எப்படி? அவரை ஏற்றிப்போன வண்டியை ஓட்டியவர் சொந்த மாமனார்! ஆனால் மனைவி மாட்டிக்கொண்டு டாஸ்மேனியாவுக்கு நாடுகடத்தப்பட்டார். ஐகி என்ன செய்தார்? சொந்தக் காசில் டிக்கெட் எடுத்து மனைவியைத் தேடி அங்கேயே போனார்! பிடித்து லண்டனுக்குக் கொண்டுவந்து விசாரித்து, 14 ஆண்டு நாடுகடத்தல் கொடுத்தார்கள். எங்கே? அதே டாஸ்மேனியாவுக்கு!

குற்றமே செய்யாதவர்களும் போனார்கள். டால்பட்டில் கிராமத்தின் ஆறு விவசாயக் கூலிகள் சங்கம் வைத்தார்கள், ரகசிய உறுதிமொழி எடுத்தார்கள். 1834-ல் அதற்கு 7 ஆண்டு! மக்கள் கொதித்தெழுந்தார்கள். 1836-ல் மன்னிப்பு!

வில்லியம் கஃபே, கறுப்பினத் தையல்காரர், ஓட்டுரிமைக்குப் போராடியவர். ஐந்து அடிகூட உயரம் இல்லை. நாடுகடத்தும்போது வயது 61! மன்னிப்பு கிடைத்த பிறகும் ஊர் திரும்பாமல் ஹோபார்ட்டிலேயே தொழிலாளர் உரிமைக்காகக் கடைசிவரை பேசினார். என்ன மனிதர்!

நம்ம ஊருக்கும் இதில் பங்கு உண்டு! பிரிட்டிஷ் அரசு இந்தியக் கைதிகளையும் கடல் தாண்டி அனுப்பியது. சிங்கப்பூரின் புனித ஆண்ட்ரூ தேவாலயத்தைக் கட்டியவர்கள் இந்தியக் கைதிகள். அந்தச் சுவர் பூச்சின் பெயர் 'மெட்ராஸ் சுண்ணாம்பு'. கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, நாட்டுச் சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர். 1860-களில் எழுந்த அந்தத் தேவாலயம் இன்றும் வெள்ளை வெளேரென்று நிற்கிறது!

சரி, மேரி ரீபி என்ன ஆனார்?

கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பலில் வேலை பார்த்த தாமஸ் ரீபியை 1794-ல் மணந்தார். வயது 17. ஏழு பிள்ளைகள். இந்தியாவுக்குப் போய் நோயோடு திரும்பிய தாமஸ் 1811-ல் இறந்தார். அடுத்த மாதமே தொழில் கூட்டாளியும் போய்விட்டார். கையில் ஏழு குழந்தைகள், கப்பல்கள், கிடங்குகள், கடை. மேரி அத்தனையையும் தனியாளாக நடத்தினார். சில ஆண்டுகளில் சொத்து மதிப்பு 20,000 பவுண்ட்!

1817-ல் நியூ சௌத் வேல்ஸ் வங்கி, ஆஸ்திரேலியாவின் முதல் வங்கி, தொடங்கியது எந்த வீட்டில்? மேரி வாடகைக்கு விட்ட வீட்டில்! குதிரைத் திருட்டுக் கைதியின் கூரைக்குக் கீழே ஒரு நாட்டின் முதல் பணப்பெட்டி!

1820-ல் இரண்டு மகள்களோடு இங்கிலாந்துக்குப் போனார். கைதியாகக் கிளம்பிய மண்ணில் பெரும் பணக்காரியாக இறங்கினார்! 1821-ல் சிட்னி திரும்பினார். 1828 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எப்படி வந்தீர்கள் என்று கேட்டார்கள். மேரி கொடுத்த பதில்: 1821-ல் சுதந்திரமாக வந்தேன்! ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை! அந்தப் பதிலுக்கே ஒரு நோட்டு அச்சடிக்கலாம்!

பேரன் தாமஸ் ரீபி 1876-ல் டாஸ்மேனியாவின் பிரீமியர் ஆனார்!

கடைசிக் கைதிக் கப்பல் 'ஹௌகுமாண்ட்', 1868 ஜனவரியில் ஃப்ரீமாண்டில் துறைமுகத்துக்கு வந்தது. அதில் வந்த ஐரிஷ் கைதிகள் வழியிலேயே கையெழுத்துப் பத்திரிகை நடத்தினார்கள். ஏழு இதழ்கள்! அவர்களில் ஒருவரான ஜான் பாயில் ஓ'ரெய்லி அடுத்த ஆண்டே தப்பி, அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பெரிய பத்திரிகை ஆசிரியர் ஆனார்!

சாமுவேல் ஸ்பீடு. ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் பிச்சையெடுத்துத் திரிந்தவர். சிறைக்குப் போனாலாவது சோறு கிடைக்கும் என்று வேண்டுமென்றே ஒரு வைக்கோல் போருக்குத் தீ வைத்தார். 1866-ல் மேற்கு ஆஸ்திரேலியாவில் இறங்கினார். தண்டனை முடிந்தது, விடுதலையானார், உழைத்தார். அதற்குப் பிறகு ஒரு குற்றம்கூடச் செய்யவில்லை. நாடுகடத்தப்பட்ட கைதிகளில் கடைசியாக உயிரோடு இருந்தவர் அவர்தான் என்கிறார்கள். தொண்ணூறு வயதைத் தாண்டி பெர்த் நகரில் இறந்தார்.

எந்த ஆண்டு தெரியுமா? டான் பிராட்மேன் ஆஸ்திரேலிய கிரிக்கெட் கேப்டனாக இங்கிலாந்துக்குப் போய் ஆடிய அதே ஆண்டு. 1938!